பேரணாம்பட்டுக் கடல்

மழை வந்தால் தோல் தளரும், வெயில் வந்தால் இறுகும். பேரணாம்பட்டில் பிறந்த எந்தப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லும். அப்படியிருக்க, ஐப்பசி மழை பொத்துக்கொண்டு ஊற்றிய அந்தப் புதன்கிழமை காலையில், சித்திரசாலையைப் பெருக்க வந்த தணிகைவேலின் துடைப்பத்தில் ஆணிகள் மாட்டின. நிமிர்ந்து பார்த்தான். சுவரில் இருந்த கடல் படம் ஒரு மூலையில் ஆணிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்பக்கமாகச் சுருங்கியிருந்தது. குளிருக்குத் தோளை ஒடுக்கிக்கொள்கிற ஆளைப் போல இருந்தது. ஊரெல்லாம் தோல் தளர்ந்து கிடக்கிற மழையில் இது மட்டும் இறுகுவானேன் என்று அவன் துடைப்பத்தோடு நின்றான்.

அந்தக் கட்டடம் முன்பு இஷ்தியாக் அகமது சாயபுவின் பச்சைத்தோல் கிடங்கு. உப்புப் போட்ட தோலை வருஷக்கணக்காக அடுக்கி வைத்ததில் சுவரெல்லாம் உப்பைக் குடித்திருந்தது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் சுண்ணாம்பு பொருமி, உப்புத் தண்ணீர் கசிந்து தரைக்கு இறங்கும். அதைச் சித்திரசாலை ஆக்கப்போகிறேன் என்று பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் கங்காதரன் கிளம்பியபோது ஊர் வாய்விட்டுச் சிரித்தது. தோல் நாற்றத்தில் படம் பார்க்க எவன் வருவான் என்று டீக்கடையில் கேட்காத ஆளில்லை. கங்காதரன் விடாக்கண்டர். சாயபுவின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு வருஷத்துக்கு என்று கிடங்கை வாங்கிவிட்டார்.

சிரித்த வாயை அடைத்தது கடல் படம்தான். தோல் தரகர் சர்தார் பாஷா, மதராஸில் ஏலம் போன ஏதோ ஒரு பெரிய வீட்டிலிருந்து அதைக் கொண்டுவந்தார். துணியில் வரைந்ததல்ல, தோலில் வரைந்தது; ஆட்டுத்தோல் என்றார். தோல் ஊருக்குத் தோலிலேயே கடல் வந்துவிட்டது என்று ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. கடலை நேரில் பார்த்தவர்கள் அங்கே நாலு பேர் தேறமாட்டார்கள். வெள்ளிக்கிழமை தோல் பதனிடும் டேனரிகளுக்கு லீவு. தொழுகை முடிந்ததும் துவைத்த கைலியோடு ஆண்கள் முன்வாசலில் நிற்பார்கள். பெண்பள்ளி டீச்சர் வஹீதா பெண்களைத் திரட்டிக்கொண்டு பக்கவாசலால் வருவாள். படத்துக்கு முன்னால் பாய் விரித்து ஒரு வாரம் உருதுக் கவிதை, ஒரு வாரம் தமிழ்ப் பட்டிமன்றம் என்று நடக்கும். பள்ளிப் பிள்ளைகள் சிலேட்டில் கடல் வரைவார்கள். பாதிப் பிள்ளைகளின் கடலுக்கு டேனரித் தொட்டியைப் போல நாலு பக்கமும் சுவர் இருக்கும்.

இத்தனைக்கும் அது இனிமையான கடல் இல்லை. படகு இல்லை, பறவை இல்லை, ஆள் இல்லை. மஞ்சள் பாய்ந்த வானத்துக்குக் கீழே கறுத்த தண்ணீர், அவ்வளவுதான். வந்தவர்கள் ஆசையாகப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில், கூப்பிடாத வீட்டுக்கு வந்துவிட்டவர்களைப் போலப் பின்னால் நகர்ந்துகொள்வார்கள். தினமும் அதைத் துடைக்கிற தணிகைவேலுக்கு ஒன்று தெரியும். தன்னை யாரும் பார்ப்பது அந்தப் படத்துக்குப் பிடிக்கவில்லை. இதை யாரிடமும் அவன் சொன்னதில்லை, சொன்னால் வேலை போய்விடும்.

வேலை போனால் என்ன என்று கேட்கிறவர்களுக்குச் சம்பூர்ணத்தைத் தெரியாது. தணிகைவேல் மீசை முளைக்கிற வயதிலிருந்து டேனரியில் ஊறல் தொட்டியிலும் சுண்ணாம்புத் தொட்டியிலும் கிடந்தவன். சுண்ணாம்பு தின்று விரல் நுனிகள் வழவழத்துப் போயிருந்தன. அவன் பெண்டாட்டி சம்பூர்ணத்துக்கு டேனரி லைன் வீட்டில் இரண்டு முறை கரு கலைந்தது. பிள்ளை வேண்டுமென்றால் இந்தக் காற்றிலிருந்து இவளைக் கொண்டுபோய்விடு என்று மருத்துவச்சி அமிர்தவள்ளி முகத்துக்கு நேராகச் சொன்னாள். சித்திரசாலைக் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள், பின்பக்கம் ஒரு அறையும் உண்டு என்று கேள்விப்பட்டதும் ஓடிவந்து கங்காதரனின் காலைப் பிடித்தான். அந்த அறையில்தான் மூன்றாவது கரு தங்கியது. இப்போது மாசம் ஏழு முடிந்துவிட்டது.

கங்காதரன் குடையை மடக்கிக்கொண்டே வந்தவர் படத்தைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். வெள்ளிக்கிழமை டெபுடி கலெக்டர் வருகிறார். அவர் நல்லபடியாக எழுதினால் சித்திரசாலை நிலைக்கும். இல்லாவிட்டால் கிடங்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று சாயபுவின் மகன்கள் வாசலில் நிற்கிறார்கள்; அவர்களுக்குத் தோல் அடுக்க இடம் போதவில்லை. வேலூரிலிருந்து ஆள் கூட்டிவரலாம் என்றால் குடியாத்தத்துக்கு இந்தப் பக்கம் ரோடு அறுத்துக்கொண்டு போய் பஸ் நின்றுவிட்டது. அந்த வயிற்றெரிச்சலையெல்லாம் தணிகைவேலின் மேல் கொட்டினார்.

"வெள்ளிக்கிழமை இது நேரா தொங்கணும். இல்லன்னா சனிக்கிழமை நீயும் உன் பொண்டாட்டியும் மூட்டையக் கட்டிக்குங்க."

தான் சரி செய்துவிடுவதாகத் தணிகைவேல் சொன்னான். எப்படி என்று அவர் கேட்கவில்லை.

அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விறைத்த தோலை ஊறப்போட வேண்டும். எவ்வளவு காலம் காய்ந்து கிடந்த தோலானாலும் பதமாக நனைத்தால் உரித்த அன்று இருந்தபடி ஆகிவிடும். பிறகு இழுத்த இழுப்புக்கு வரும். முன்பக்கம் எண்ணெய்ச் சாயம், அதைத் தொடாமல் பின்பக்கம் மட்டும் நனைத்தால் போதும். டெபுடி கலெக்டர் வருகைக்காக மண்டபம் முழுக்க வெள்ளையடிக்கிற சாரம் கட்டியிருந்தது. ஆகவே படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றித் தன் அறைக்கே கொண்டுபோனான்.

டேனரியில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றுப்பிள்ளைக்காரி ஊறல் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. நாற்றம் ஆகாது என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். வயசான கிழங்கள் காரணம் சொல்லாமல் விரட்டிவிடும். அவன் எத்தனையோ பெண்களை அப்படி விரட்டியிருக்கிறான். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, படத்தைக் குப்புறப் போட்டு, ஈரச் சாக்கைப் பரப்பித் தண்ணீர் தெளித்தபோது அந்த வழக்கம் அவன் நினைவிலேயே இல்லை. அவனைப் பொறுத்தவரை அது படம். கை தோல்வேலை செய்தது, மனசு படத்தைப் பார்த்தது. பாவி, அங்கேதான் கோட்டை விட்டான்.

வியாழக்கிழமை பகல் முழுக்க விளக்கு வைத்த பொழுது மாதிரி இருட்டிக் கிடந்தது. ஓட்டின் மேல் மழை ஒரே சீராக இரைந்தது. சுவரிலிருந்து இறங்கிய உப்புத் தண்ணீர் அறையின் மூலையில் தேங்கி, பாயின் ஓரத்தை நனைத்தது. நாற்றம் வரும் என்று தணிகைவேல் எதிர்பார்த்தான். ஊறுகிற தோல் முதலில் உப்பு நாறும், பிறகு ரத்தம் நாறும், அது அவனுக்குப் பழகிய நாற்றம். வந்தது வேறு. தலைக்கு எண்ணெய் வைத்து, வேர்த்து, வெயிலில் நடந்து வீடு திரும்பிய மனுஷ வாடை. சம்பூர்ணம்தானோ என்று அவள் கழுத்தருகே முகர்ந்து பார்த்தான். அவளிடம் சீயக்காய் வாசனைதான் இருந்தது.

அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஒரு கை கீழே தொங்கிச் சாக்கின் மேல் கிடந்தது. எடுத்து மேலே வைத்தான். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி கீழே கிடந்தது.

"இன்னாங்க அது, சூடா கீது?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

சாக்கை விலக்கிக் கையை வைத்தான். சூடாகத்தான் இருந்தது. காய்ச்சல்காரனின் முதுகு மாதிரி இல்லை. நல்ல உடம்பின், தூங்குகிற உடம்பின் சூடு. பதம் பார்ப்பதுபோல ஓரத்தைத் தூக்கி முன்பக்கத்தைத் தடவினான். வானத்தின் மூலையில் இரண்டு வட்டக் குழிகள் எப்போதும் உண்டு. வரைந்தவன் தூரிகையை அழுத்திவிட்டான் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் துடைத்தான். இப்போது சாயம் இளகி, குழிகள் தெளிவாகத் தெரிந்தன. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, நடுவில் சுருக்கம். அவன் தன் சட்டைக் கையை மேலே தள்ளினான். சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு. அதே அளவு, அதே இடைவெளி.

ஆட்டுக்கு எவன் அம்மை குத்துவான்?

தூக்கிப்போய் மழையில் வீசிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சாக்கோடு சேர்த்துச் சுருட்டவும் செய்தான். சுருட்டும்போது அவன் கை பட்ட இடத்தில் தோல் புல்லரித்தது. சாயத்துக்கு அடியில் மயிர்க்கால்கள் பொட்டுப் பொட்டாக எழும்பி, அவன் விரலைக் கண்டு அருவருத்து நகர்வதுபோல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவன் சுவரில் முதுகு இடிக்கப் பின்வாங்கினான். அந்த நேரத்தில் வாசலில் கங்காதரனின் குரல் கேட்டது. சட்டத்தைத் துடைத்துவிட்டார்களாம், படம் தயாரா என்று கேட்டார்.

தணிகைவேல் கட்டிலைப் பார்த்தான். சம்பூர்ணத்தின் வயிறு புடவைக்குள் மேடாக ஏறி இறங்கியது. லைன் வீடு நினைவுக்கு வந்தது, அங்கே துணியில் சுற்றி எடுத்துப்போன இரண்டும் நினைவுக்கு வந்தன. தோலைக் கண்டு பயமாக இருந்தது. ஆனால் இதைவிட லைன் வீட்டுக்குத் திரும்ப வேண்டிவரும் என்ற பயம் பெரிதாக இருந்தது. தயார் என்று பதில் சொன்னான்.

படத்தை மண்டபத்துக்கு எடுத்துப்போய்ச் சட்டத்தில் விரித்து இழுத்தான். இழுத்த இழுப்புக்கு வந்தது. மழை வலுப்பதற்கு முன்னால் கங்காதரன் போய்விட்டார். தணிகைவேல் முதல் ஆணியை வைத்து அடித்தான்.

அறையில் சம்பூர்ணம் முனகினாள்.

நின்றான். மழை. ஓட்டில் மழை மட்டும்தான். இரண்டாவது ஆணியை அடித்தான்.

மறுபடி முனகல். இப்போது சத்தமாக.

அறை வாசல் வழியாக எட்டிப் பார்த்தான். அவள் கண் மூடியிருந்தது. இரண்டு கையும் வயிற்றைப் பிடித்திருந்தன. என்ன செய்கிறது என்று கேட்டான். பொய் வலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஏழு மாசத்தில் வருமாம். அமிர்தவள்ளி சொல்லியிருக்கிறாள். வரும், போகும்.

ஆணி. முனகல். ஆணி. முனகல்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பாதி அடித்த படம் நாளைக்குத் தொங்காது. தொங்காவிட்டால் அறை இல்லை. அறை இல்லாவிட்டால் பிள்ளை இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தான். கண்ணீர் தாரையாக வடிந்தது, அடித்தான். கடைசி ஆணி இறங்கியபோது அறையில் சத்தம் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தான். தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு இருந்தது. கும்பிட்டான்.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. தொழுகை முடிந்த கூட்டம் மண்டபத்தை அடைத்துக்கொண்டது. அறுந்த ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஜீப்பில் வந்து சேர்ந்த டெபுடி கலெக்டருக்கு மாலை போட்டார்கள். சர்தார் பாஷா அத்தர் மணக்க முன்வரிசையில் உட்கார்ந்தார். படம் மத்தளம் மாதிரி விறைப்பாக நின்றது. சாயம் புதிதாக மினுங்கியது. இவ்வளவு நன்றாக அது இருந்ததே இல்லை என்று கங்காதரன் அவன் தோளைத் தட்டிக்கூடச் சொன்னார். அவனுக்கு அந்தத் தட்டு உடம்பில் ஏறவில்லை. பெண்கள் பக்கம் வஹீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு சம்பூர்ணம் வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. புடவையைத் தளர்த்திக் கட்டியிருந்தாள்.

அருகே போனான். அவள் அவனைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்தாள்.

"காத்தாலருந்து அசைவே இல்லிங்க," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "வலியும் இல்ல. ரத்தம் ஒண்ணும் போவல. இங்க... லேசா கீது."

அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். புடவைக்குள் கை அமுங்கியது. அமுங்கிக்கொண்டே போனது. அங்கே மேடு இல்லை. காற்றுப் போன பை மாதிரித் தோல் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

முன்வரிசையில் யாரோ ஆச்சரியத்தில் எழுந்தார்கள். அலை அசைகிறது என்று ஒரு குரல். மாஷா அல்லா என்று இன்னொரு குரல். டெபுடி கலெக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எப்பேர்ப்பட்ட கைவேலை என்று கங்காதரனிடம் வியந்தார். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். கைதட்டல் எழுந்தது, நிற்கவில்லை.

கறுத்த தண்ணீரின் நடுவில், கடலை உள்ளிருந்து முட்டிப் புடைத்துக்கொண்டு, நெல்லிக்காய் அளவு குதிகால் ஒன்று மெள்ள இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஊர்ந்தது.