கத்தாத பிறேக்

கொடிகாமச் சந்தியில் காரை மெதுவாக்கியபோதுதான் குகதாசனுக்கு உறைத்தது: பிறேக் கத்தவில்லை.

ஒரு மாதமாகக் காதைப் பிய்த்த சத்தம் அது. மிதிக்கும்போதெல்லாம் முன் சக்கரச் சில்லுக்குள்ளிருந்து மெல்லிசாகக் கீச்சிட்டுக் கிளம்பி, சந்தையில் நிற்கிற சனத்தையே திரும்பிப் பார்க்க வைக்கும். இன்றைக்கோ, விடியாத கருக்கலில், மழை ஓய்ந்த தெருவில், ரயர்கள் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிற இரைச்சலும் சந்தைப் பக்கமிருந்து வந்த அழுகல் வெங்காய மணமும் தவிர வேறொன்றும் இல்லை. நல்லதாய்ப் போயிற்று என்று மனதைத் தேற்றப் பார்த்தான். மனம் கேட்கவில்லை.

கராஜ்காரர் பொன்னம்பலம் போன மாதமே சில்லைக் கழற்றிக் காட்டியிருந்தார். "பார் தம்பி, பிறேக் பாட் தேஞ்சு மெல்லிசாப் போச்சு. இந்தச் சின்னத் தகடு சில்லு வட்டில உரசித்தான் கத்துது. கத்துற வரைக்கும் பயமில்லை. ஒரு நாள் கத்தாமல் விடும். அண்டைக்குக் காரைத் தொடாதை."

மாற்றியிருக்கலாம். அரை நாள் வேலை. ஆனால் அடுத்த நாளே மூத்த அண்ணர் நடராசா மாரடைப்பில் கண்ணை மூடிவிட்டார். "துடக்கு வீட்டில புதுச் சாமான் வாங்கிப் பூட்டுறதே? முப்பத்தொண்டு கழியட்டும், அந்தியேட்டி முடிய மாத்துங்கோ" என்று அண்ணி பாலேஸ்வரி சொன்னாள். குகதாசனும் ஓமென்று தலையாட்டினான். சாவீட்டுத் துடக்கை இரும்பும் காத்திருந்து கழிக்கும் என்று நினைத்தான், மடையன்.

இன்றுதான் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை. கிரியைக்குரிய ஆட்களோடு மனைவி பிரசாந்தி வான் பிடித்துக் கீரிமலைக்கு முன்னமே போய்விட்டாள். நித்திரையால் எழும்பாத ஏழு வயது மகள் வினோஜாவைப் பின் சீற்றில் கிடத்தி, பெல்ற்றைப் போட்டு, இவன் பின்னால் போகிறான்.

புத்தூர் தாண்ட ஒரு மாடு குறுக்கே வந்தது. மிதித்தான். கார் நின்றது. அந்தக் கீச்சுச் சத்தமும் வந்தது.

பின் சீற்றிலிருந்து வந்தது.

காலை எடுத்தான். சத்தம் அறுந்தது. கண்ணாடியில் பார்த்தான். வினோஜா கண்ணை மூடியபடியே கிடந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"கனவு கண்டனியே, குஞ்சு?"

"பல்லுக் கூசுது, அப்பா."

கார் தானாகவே நகரத் தொடங்கியிருந்தது. ஓட்டோ கியர் கார் அப்படித்தான் ஊரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒருக்கால் சோதிப்போம் என்று, பூவில் வைப்பதுபோலக் காலைப் பிறேக்கில் வைத்தான். பிள்ளையின் தொண்டைக்குள்ளிருந்து இரும்பு கீச்சிட்டது.

"மிதியாதேங்கோ, அப்பா." கண் திறக்கவில்லை அவள். "தேயுது."

இறங்கிவிட வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த ஈரத் தெருவில் ஓடிவிட வேண்டும். அதற்குக் கார் நிற்க வேண்டும். கியரைத் தள்ளினான், அசையவில்லை. எஞ்சினை நிறுத்தத் திறப்பைத் திருப்பினான், திரும்பவில்லை. ஹான்ட் பிறேக்கை இழுத்தான். அது எதையும் பிடிக்காமல் தொளதொளவென்று மேலே வந்தது. இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டிருந்தும் வேகம் கூடியது.

போன் அடித்தது. பிரசாந்தி.

"எங்கை நிக்கிறியள்? ஐயர் வந்திட்டார்."

"பிரசாந்தி, காரை நிப்பாட்டேலாமல் கிடக்கு!"

"என்னப்பா கதைக்கிறியள்? பிறேக்கைப் பிடியுங்கோவன்!"

"பிடிச்சால் பிள்ளை..."

லைன் அறுந்தது.

வாழைத் தோட்டங்கள் கறுப்பாய்ப் பின்னால் ஓடின. காருக்குள் சூடேறிய இரும்பு மணத்தது, அதோடு பிள்ளையின் பால் மணமும் கலந்து வந்தது. கடவுளே, என்னை எடு, என்ரை பிள்ளையை விடு என்று வாய்விட்டே அழுதான். அழுகையோடு நிமிர்ந்தபோது முன்னால் சிவப்பு வெளிச்சம் மின்னியது. மணி அடித்தது.

சுன்னாகத்து ரயில் கடவை. கேற் விழுந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் ரயிலின் முகவெளிச்சம்.

இன்னும் நூறு மீற்றர்.

காலைப் பிறேக்குக்கு மேலே கொண்டுபோனான். வைக்கவில்லை.

"அப்பா, வேண்டாம்."

ஐம்பது.

"அப்பா!"

மிதித்தான். நிலம் முட்ட மிதித்தான். கீச்சுச் சத்தம் ஒரு நொடிதான். பிறகு அது முறிந்து கரகரத்தது. கல்லில் இரும்பு அரைபட்டது. கார் இழுபட்டு, திமிறி, கேற்றில் மூக்கை இடித்து நின்றது. ரயில் கேற்றுக்கு அங்கால் கண்முன்னே பாய்ந்தது.

நின்றுவிட்டது. பிள்ளை தப்பிவிட்டாள். அப்படித்தான் நினைத்தான்.

பெட்டி, பெட்டி, பெட்டி. ஒன்றிலும் வெளிச்சமில்லை. முடிவுமில்லை. இவ்வளவு நீள ரயிலை அவன் கண்டதேயில்லை. காலை மயிரளவு தளர்த்தினான். கார் ரயிலை நோக்கித் துள்ளியது. திரும்ப மிதித்தான்.

சில்லுகள் அசையவில்லை. ஆனால் அந்தக் கரகரப்பு நிற்கவில்லை.

கண்ணாடியைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. பார்த்தான்.

வினோஜா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் அகலத் திறந்திருந்தது. கன்னம் வழியே கண்ணீர். தாடை மட்டும் இடமும் வலமும் போய்வந்தது. உதட்டோரத்தால் கறுத்த தூள் கொட்டி மடியில் குவிந்தது. பற்கள் ஈறு மட்டத்துக்குத் தேய்ந்திருந்தன. அவள் இன்னும் அரைத்துக்கொண்டிருந்தாள்.