பின்விறாந்தைச் சைக்கிள்

குருநகரில் அந்த வீட்டுக்கு நான் போனது ஒரு பழைய பொம்மை ரயில் எஞ்சினைத் திருத்துவதற்காக. பேய், பிசாசு என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நெல்லியடியிலிருந்து பஸ் மாறி வந்திருக்கவே மாட்டேன். பயத்தினால் அல்ல, எரிச்சலினால்.

என் கடையில் போன் திரை மாற்றுவதுதான் சோறு போடுகிறது. ரயில் எஞ்சின் என் பைத்தியம். லண்டனில் இருக்கும் நம்மவர்கள் பழைய எஞ்சின்களைப் பார்சலில் அனுப்புவார்கள். தேய்ந்த பாகங்களை மாற்றி, சோர்ந்துபோன காந்தத்தைத் திரும்பப் பலப்படுத்தி, உள்ளே பற்றறியும் றிமோட்டுக்கான சிறிய பலகையும் வைத்துக் கொடுப்பேன். பிறகு அது தண்டவாளத்தில் மின்சாரம் இல்லாமலே ஓடும். இந்த வேலையைச் செய்யத் தயாளினி என்று ஒருத்தி இருப்பது யார் மூலமோ அந்த வீட்டுக்காரி பெர்னடெட் அக்காவின் காதுக்கு எட்டியிருக்கிறது.

சோளகக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்த பின்னேரம் அது. வீட்டின் ஒவ்வொரு கதவும் கொக்கியில் கிடந்து ஆடியது. கடலின் கருவாட்டு வாசம் அறைக்குள் வந்து வந்து போனது. அக்கா என்னை உள்ளே இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அவருக்கு இருதயத்திலை வால்வு பழுது. கொழும்பிலை ஒப்பரேசன் செய்யாட்டில் இந்த வருசம் தாண்டாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். படி ஏறவும் கூடாதாம். மனுசன் வீட்டை விட்டு அசையிறார் இல்லை."

"ஏன் அக்கா?"

"செத்துப்போன தமையன் பின்விறாந்தையிலை சைக்கிள் மிதிச்சுக்கொண்டிருக்கிறாராம். தனிய விட்டிட்டு வரமாட்டாராம். பங்குச் சுவாமி வந்து மந்திரிச்சும் பாத்தாச்சு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் வந்தாயிற்று.

அக்காவின் கணவர் சிமியோன் அண்ணை நடு அறையில் இருந்தார். வயது நாற்பது சொச்சம்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது, நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. அவர் முன்னால் இருந்த சாப்பாட்டு மேசையில் வட்டமாகத் தண்டவாளம். அதில் பச்சை நிறத்தில் ஒரு நீராவி எஞ்சின், கப்பலில் வேலை பார்த்த அவருடைய தகப்பன் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. தண்டவாளத்திலிருந்து இரண்டு வயர்கள் ஜன்னல் சட்டத்தில் போட்ட துளை வழியாகப் பின்விறாந்தைக்குப் போயின.

"அப்ப யாழ்ப்பாணத்திலை கறன்ட் இல்லை," என்றார். "சனம் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டுது. லெனாட் அண்ணை எனக்கு ரயில் ஓட்டிக் காட்டினார். அவர் பின்னுக்கு மிதிப்பார். நான் இதிலை முழந்தாளிலை நிண்டு, மேசை விளிம்பிலை நாடியை ஊண்டிப் பாத்துக்கொண்டிருப்பன். நிண்டால், 'அண்ணை, நிண்டிட்டுது!' எண்டு கத்துவன். ஓடிப்போய் மிதிப்பார். என்ரை முறை வந்தால் கால் எட்டாது எண்டு சொல்லித் தப்பிடுவன். ரயில் ஓடுறதை அவர் ஒருநாளும் இருந்து பாக்கேல்லை."

"பிறகு?"

"பின்னுக்கு ஷெல் விழுந்தது. ரயில் நிக்கேல்லை, தங்கச்சி. ஓடிக்கொண்டிருந்தது. அதாலை அண்ணைக்கு ஒண்டுமில்லையெண்டு நினைச்சு நான் பாத்துக்கொண்டே இருந்தன்."

எஞ்சினைக் கையில் எடுத்தேன்.

"இது தன்ரை பாட்டிலை ஓடினால் அவர் மிதிக்கத் தேவையில்லைத்தானே? அந்த மிதிக்கிற சத்தம் நிண்டால் நான் கொழும்புக்கு வாறன்."

அதைவிடச் சுலபமான வேலை கிடையாது. ஒரு மனிதனின் உயிர் ஒரு பற்றறியில் பிழைக்குமென்றால் நான் பற்றறியை வைத்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன்.

எஞ்சினைத் திறந்தேன். பழைய எண்ணெய் பிசினாக இறுகிக் கிடந்தது. பின்னால் இருந்த கரிப்பெட்டிக்குள் நாலு டயோட்டுகள். டைனமோ தரும் மின்சாரத்தை ரயிலுக்கு ஏற்றபடி மாற்ற யாரோ ஒரு றேடியோ மெக்கானிக் அழகாக ஈயம் பற்றவைத்திருந்தார். அதை ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டது.

ர்ர்ர்ர்ர்.

டயரில் டைனமோ உரசும் சத்தம்.

"தொடங்கீட்டார்," என்றார் சிமியோன் அண்ணை.

காற்றாக இருக்கும் என்றேன். மீற்றரை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தேன். முள் எழும்பி ஆறு வோல்ட்டில் நின்றது. எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தேன். சத்தம் அறுந்தது. ஸ்டாண்டில் ஏற்றி வைத்த ஒரு பழைய சைக்கிள், மட்காட்டில் விரல் நுழையும் ஓட்டை. பெடலை அழுத்திப் பார்த்தேன். செயின் துருவேறி ஒரே இரும்பாக இறுகியிருந்தது. அசையவே இல்லை.

கதவைச் சாத்தினேன்.

முள் மறுபடி எழும்பியது.

அதன்பின் நான் வேகமாக வேலை செய்தேன். டயோட்டுகளைக் கழற்றித் தட்டில் போட்டேன், பற்றறியை வைத்தேன், தண்டவாளத்து வயர்களையும் கழற்றினேன். றிமோட்டை அழுத்தியதும் பச்சை எஞ்சின் வழுக்கிக்கொண்டு புறப்பட்டது.

பின்னால் சத்தம் நின்றது.

நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். காற்று மட்டும்தான். சிமியோன் அண்ணை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தி அழுதார். "நாளைக்கே போவம்," என்றார். அக்கா மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டார். எனக்கும் கண் கலங்கியது, அதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

டக்.

பின்விறாந்தையில் சைக்கிள் ஸ்டாண்ட் அதிர்ந்த சத்தம். ஒருவர் சீற்றிலிருந்து இறங்கும்போது கேட்கிற சத்தம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மிதித்துக்கொண்டிருக்கும்வரை லெனாட் அங்கேயே இருந்தார். இனி அங்கே இருக்க அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

வெறுங்கால் நடை. அவசரமில்லாத நடை.

கொக்கி தானாக விழுந்தது.

மண்ணெண்ணெயும் கருகிய றப்பரும் சேர்ந்த மணம் அறையை நிறைத்தது. கதவு திறந்த அளவு ஒரு பொடியன் நுழையத்தான் போதும்.

சிமியோன் அண்ணை மேசையோரம், கீழே, எதையோ பார்த்தார். முகம் எட்டு வயதுப் பிள்ளையின் முகமாகிவிட்டது.

"இருந்து பாருங்கோ அண்ணை," என்று கிசுகிசுத்தார். "இப்ப எனக்குக் கால் எட்டும்."

எழுந்து போனார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சைக்கிளில் இருந்தார். துருப்பிடித்த செயின் புதுச்செயின் மாதிரிச் சுற்றியது. அக்கா இடுப்பைப் பிடித்து இழுத்தார், நான் கையைப் பிடித்து இழுத்தேன். சீற்றோடு ஒட்டியவர்போல இருந்தார். உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

"இறங்குங்கோ! செத்துப்போவியள்!"

"ஏலாது," என்றார். "என்ரை முறை."

நான் திரும்பி ஓடினேன். றிமோட்டை அழுத்தினேன், ரயில் நிற்கவில்லை. ஓடும் எஞ்சினைப் பிடித்துத் தூக்கினேன், கை சுட்டது. பற்றறியைப் பிய்த்தெறிந்தேன். தட்டில் கிடந்த நாலு டயோட்டையும் பழைய இடத்தில் பற்றவைத்தேன். என் பக்கத்தில், மேசை விளிம்பு உயரத்தில், யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தேன். அது அசையாமல் நின்றது. பிறகு, இன்றுவரை எனக்கே அருவருப்பாக இருக்கும் ஒன்றைச் செய்தேன். சின்னப்பிள்ளைக் குரலில் கத்தினேன்.

"அண்ணை, நிண்டிட்டுது!"

ஒரு கணம் ஒன்றும் இல்லை.

பிறகு வெறுங்கால்கள் என்னைத் தாண்டி ஓடின.

பின்னால் சிமியோன் அண்ணை விழும் சத்தமும் அக்காவின் அலறலும் கேட்டன. வயர்களைக் கொழுவினேன். ர்ர்ர்ர்ர். ஆளில்லாத பெடல்கள் சுற்ற, ரயில் மெதுவாகப் புறப்பட்டது. உயிரோடு இருப்பவரைக் காப்பாற்ற, செத்த ஒரு பொடியனைத் திரும்பவும் வேலைக்கு ஏற்றிவிட்டேன்.

அன்றே சிமியோன் அண்ணையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நினைவு தெளியாதபடியே கொழும்புக்கு அனுப்பினார்கள். வீட்டுச் சாவி என்னிடம் தங்கிவிட்டது. ஒரு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

போன கிழமை அக்கா போன் எடுத்தார்.

"ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது தங்கச்சி. சாப்பிடுறார், கதைக்கிறார். ஒண்டுதான். பின்னேரத்திலை நித்திரையானால் கால் ரண்டும் நிக்குதில்லை. போர்வைக்குள்ளை சுத்திக்கொண்டிருக்குது. டொக்டர் நரம்பு எண்டுறார். ஒருக்கா வீட்டை போய், அண்ணை மிதிக்கிறாரோ எண்டு பாத்துச் சொல்லுவியளோ?"

பின்னேரம் போனேன். போனை அழைப்பிலேயே வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். ர்ர்ர்ர்ர் என்ற அந்தச் சத்தம் கேட்டதும், சொன்னால் நம்பமாட்டீர்கள், நிம்மதியாக இருந்தது. பின்விறாந்தையில் பெடல்கள் தம்பாட்டில் சுற்றின. மேசையில் ரயில் ஓடியது. சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று போனைக் காதில் வைத்தேன்.

பூட்டிக் கிடந்த வீட்டில் தூசி படிந்திருந்தது. தரையிலும் மேசையிலும் சீராக, தொடாத தூசி.

மேசைக்குக் கீழே மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டங்கள். யாரோ முழந்தாளில் நின்ற இடம். அதற்கு நேர் மேலே, மேசை விளிம்பில், ஒரு நாடி ஊன்றிய அளவுக்குத் தூசி இல்லை. அந்த இடம் ஈரமாக இருந்தது. ரயில் அதைக் கடந்தபோது, மிக மெல்ல, சந்தோசத்தில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி?" போனில் அக்காவின் குரல். அதற்குப் பின்னால் கட்டில் கிறீச்சிடும் சத்தம், பெடல்களின் சுற்றோடு ஒரே சீராக. "லெனாட் அண்ணைதானே மிதிக்கிறார்?"

"ஓம் அக்கா," என்று பொய் சொன்னேன். "அவர்தான்."