தெளிந்த தொட்டி

ஞாயிறு. பிற்பகல் 1.12.

இரண்டாம் அடித்தளத்தின் இரும்புக் கதவு திறந்ததும், அதில் சாய்ந்திருந்த ஆஞ்சப்பன் வெளிப்பக்கமாகச் சரிந்தான். உயிர் இல்லை. நகங்கள் உடைந்திருந்தன. கதவின் உட்புறம், முழங்கால் உயரத்தில் ரத்தக் கீறல்கள்.

ஓசூர் பாகலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் அந்தக் குடியிருப்பில் இருநூற்று நாற்பது வீடுகள். அத்தனை வீட்டுக் கழிவுநீரும் இந்த அறைக்குத்தான் வரும். பெரிய தொட்டியில் ஊதுவான் இடைவிடாமல் காற்றடிக்க, நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். பிறகு நூல்நூலாகத் தொங்கும் சவ்வுக் குழாய்கள் நல்ல நீரை மட்டும் உறிஞ்சி எடுக்கும். ஆறு வருடமாக இதை ஓட்டிக்கொண்டிருந்தவன் அஞ்செட்டிக்காரனான ஆஞ்சப்பன்.

1.50.

சப்-இன்ஸ்பெக்டர் சாந்தம்மா படியிறங்கி வந்தபோது ஊதுவான் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி, கொதிக்கும் டீயைப் போலப் பழுப்பாகப் புரண்டது. உள்ளே இறங்கும் இரும்பு ஏணி, நீர்மட்டத்தைத் தொட்ட இடத்திலேயே கண்ணுக்கு மறைந்தது.

“யார் முதல்ல பார்த்தது?”

“நாங்க ரெண்டு பேரும்தான் மேடம்,” என்றார் பராமரிப்பு மேலாளர் ஸ்டீவ். “12.40க்கு அத்திப்பள்ளி அக்கா வீட்டிலேருந்து வந்தேன். ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தப்போ, 12.55 இருக்கும், பேனல் டிரிப் ஆயிடுச்சு. ஊதுவான், காத்துப்போக்கி ஃபேன், லைட் எல்லாம் ஒரே லைன். ஆஞ்சப்பன் மேலே வருவான்னு பார்த்தேன், வரலை. செகரட்டரி சாரைக் கூட்டிட்டு வந்தேன்.”

“கதவு?”

“சும்மா சாத்தியிருந்துச்சு. மயக்கத்துல தள்ள முடியாம போயிருக்கும்.”

சாந்தம்மா உள்ளே நின்று ஒரு விரலால் தள்ளினாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது, உட்பக்கம் இல்லை.

“பிறாண்டத் தெம்பு இருந்திருக்கு. தள்ளத் தெம்பு இல்லையா?”

சாந்தம்மா செயலாளரிடம் திரும்பினாள்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கௌஸ் மொய்தீன் அறுபதைத் தாண்டியவர். முழங்கால் வலி. “நான் படி இறங்கி வர்றதுக்குள்ள ஸ்டீவ் கதவைத் திறந்துட்டாரும்மா. தாழ் போட்டிருந்துச்சான்னு நான் பார்க்கலை. உள்ளே ஒரே இருட்டு. போலீஸுக்கு வேணுமேன்னு செல்போன்ல ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்தேன். அப்புறம்தான் காத்து வரட்டும்னு இவரு மேலே போய் சுவிட்சைப் போட்டாரு.”

“பேனல் சாவி யார்கிட்ட?”

“ஸ்டீவ்கிட்ட மட்டும்தான்.”

சாந்தம்மா போட்டோவைப் பார்த்தாள். நேரம் 1.14. வாசலில் ஆஞ்சப்பன், பின்னால் தொட்டி, ஏணி. பெரிதாக்கி எதையோ எண்ணினாள். செல்போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“ஆஞ்சப்பன் இன்னைக்கு ஏதாவது பேசினாரா?”

“பதினோரு மணிக் கமிட்டி கூட்டத்துல ஒரு விஷயம் சொல்லணும்னு நேத்தே கேட்டாரு. வரச் சொன்னேன். வரலை. பன்னிரண்டு வரைக்கும் பார்த்துட்டுக் கூட்டத்தை முடிச்சுட்டோம்.”

2.30.

சாந்தம்மா வரச் சொல்லி, தண்ணீர் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஜெபசீலி வந்தாள். சுத்திகரித்த நீர் வரும் குழாயில் ஒரு புட்டி பிடித்து மீட்டரை விட்டாள். உப்பு 310. ஆபீஸ் குழாயில் வரும் போர்வெல் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தாள். அதுவும் 310.

“சவ்வு அழுக்கைத்தான் தடுக்கும் மேடம், கரைஞ்ச உப்பைத் தடுக்காது. நாம குளிச்சு, துவைச்சு, கழுவின தண்ணியில உப்பு ஏறித்தான் இருக்கணும். ரெண்டும் ஒண்ணா இருக்குன்னா, இந்தக் குழாய்க்கு வர்றதே போர் தண்ணிதான்.”

சவ்வுக் கூடு ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்கள். நூல்கள் கொத்துக்கொத்தாக அறுந்து கிடந்தன. தொட்டியிலிருந்து சுவரோரமாகப் புதிய குழாய் ஒன்று மழைநீர் வடிகாலுக்குப் போனது. அங்கிருந்து ஓடை, ஓடையிலிருந்து கெலவரப்பள்ளி அணை.

3.00.

“ஊதுவானை நிறுத்துங்க,” என்றாள் சாந்தம்மா. கான்ஸ்டபிளிடம், “நான் உள்ளே போறேன். வெளியே தாழ் போடு. நாலு நிமிஷம் கழிச்சுத் திற.”

தாழ்ப்பாள் விழுந்தது. அவள் நினைத்ததை விட இருட்டு கனமாக இருந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. அழுகிய முட்டை வாடையோடு சாக்கடை விஷவாயு மெல்ல ஏறியது. கதவை இரண்டு கையாலும் அடித்தாள், கத்தினாள். குரல் சுவரில் பட்டுத் தன்னிடமே வந்தது. நான்கு நிமிடம் என்று சொன்னவள் அவள்தான். இருந்தும் மூன்றாவது நிமிடத்தில், கான்ஸ்டபிள் மறந்திருப்பானோ என்று கதவை மறுபடியும் அடித்தாள்.

கதவு திறந்ததும் முதல் கேள்வி: “ஆபீஸ்ல கேட்டுச்சா?”

“எதுவும் கேக்கலைம்மா,” என்றார் ஆபீஸிலிருந்து இறங்கி வந்த கௌஸ் மொய்தீன்.

கதவைத் திறந்து வைத்து, வேறு லைனில் வாசலில் மின்விசிறி ஒன்றை ஓடவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். டார்ச் வெளிச்சமும் கண்ணும் தொட்டியில். 3.20க்கு ஒன்றும் தெரியவில்லை. 3.35க்கு மேல்நீர் தெளிந்து ஏணியின் ஒரு படி தெரிந்தது. ஸ்டீவ் இரண்டு முறை கழிப்பறை போக அனுமதி கேட்டார்.

5.40. ஐந்தாவது படி.

“மிஸ்டர் ஸ்டீவ், இங்கே வாங்க. 12.55க்குத்தான் கரன்ட் போச்சுன்னீங்க. 1.14க்கு எடுத்த போட்டோவுல தண்ணிக்குள்ள அஞ்சு படி தெரியுது. இருபது நிமிஷத்துல ஒரு படிகூடத் தெரியாது. இந்தச் சேறு கெட்டி, மெல்லத்தான் அடியில இறங்கும். அஞ்சு படிக்கு ரெண்டு மணி நாப்பது நிமிஷம் ஆச்சு. 1.14லேருந்து பின்னால எண்ணுங்க.”

சாந்தம்மா கேட் ரிஜிஸ்டரைப் பிரித்தாள்.

“பத்தரை. கேட் ரிஜிஸ்டர்ல உங்க கார் வெளியே போனது 10.41. தாழ் போட்டு, சாவியால பேனலைத் திறந்து லைனை நிறுத்திட்டு, அத்திப்பள்ளிக்குப் போயிட்டீங்க. மத்தியானம் ஒரு சாட்சியோட வந்து, அவர் இறங்கி வர்றதுக்குள்ள தாழை எடுத்தீங்க. தொட்டி தெளியும்னு உங்களுக்குத் தோணலை. அதை தினம் பார்த்தவர் ஆஞ்சப்பன்தான்.”

ஸ்டீவ் படியில் உட்கார்ந்துவிட்டார். “மூணு மாசமா மெம்பரேன் சவ்வு கிழிஞ்சு கிடக்கு மேடம். நல்லா ஓடுதுன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்துல சொல்லிடுவேன்னான். கூட்டம் முடியுற வரைக்கும் அடைச்சு வைக்கலாம்னுதான்... சாகணும்னு நினைக்கலை.”

“அடைச்சு வைக்கத் தாழ்ப்பாள் போதுமே. சுவிட்சை எதுக்கு நிறுத்தினீங்க?”

சாந்தம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“கூட்டம் பன்னிரண்டுக்கு முடிஞ்சிடுச்சு. நீங்க கதவைத் திறந்தது 1.12க்கு,” என்றாள்.

7.15.

அரசு மருத்துவமனையில் ஆஞ்சப்பனின் மனைவி வீரலட்சுமி சுவரோரம் நின்றிருந்தாள். பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருந்தாள்.

“ரொம்ப நேரம் உசுரோட இருந்தாருங்களா?”

பொய் சொல்லச் சாந்தம்மாவுக்கு வாய் வரவில்லை. “ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு.”

வீரலட்சுமி கணக்குப் போடுவது போல விரல்களை மடக்கினாள். “பதினோரு மணிக்கு போன் பண்ணேனுங்க. போகலை. வேலையா இருப்பாருன்னு மாட்டை ஓட்டிட்டுப் போயிட்டேன்.”

சாந்தம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றாள்.