கைமணம்

அடித்துப் பெய்த மழையில், அவளுடைய சாப்பாட்டுக் கடையின் தார்ப்பாய்க்குள் ஓடி வந்து நின்றான் சுகாதாரத்துறை ஊழியன் ஒருவன். நனைந்த கண்ணாடியைக் கழற்றியபோதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்... அடடா, சோதனைக்கு வருகிறவனுக்கு இவ்வளவு சாதுவான கண்களா?

சமைக்கிறவர்கள் எல்லாருக்கும் பரிசோதனையாம். மூடி போட்ட சின்ன பாட்டில் ஒன்றை நீட்டினான்.

“இதுல என்ன வேணும் சார்?”

“அது... காலையில... வெளிய போறப்ப...”

காது வரை சிவந்துவிட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவன் ‘பாட்டில்காரர்’. மதியச் சாப்பாடு தினமும் அங்கேதான். இந்தக் கைமணம் வேறெங்கும் இல்லை என்று தட்டைப் பார்த்தபடியே சொல்வான். அன்று முழுக்க அவளுக்கு உலை கொதிப்பதுகூடப் பாட்டாகக் கேட்கும்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. அவன் சாப்பிட உட்காரவில்லை. அவளுக்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும் டைபாய்டு கிருமி உடம்பில் குடியிருக்கிறது, கை வழியாகச் சாப்பாட்டில் இறங்குகிறது, இனி சமைக்கக் கூடாது என்று திக்கித் திணறிச் சொன்னான். கடையில் இருந்த அவள் அண்ணன் அவனுடைய சட்டையைப் பிடித்துவிட்டான். கடைத்தெருவுக்கு ஒரு குழாய் போடத் துப்பில்லை, கை கழுவவும் தட்டுக் கழுவவும் ஒரே வாளி, இதில் தங்கச்சி மேல் பழியா என்று கேட்டான். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று விரட்டினான்.

நியாயமான கோபம்தான். ஆனால் அண்ணன் மகள் மூன்று வாரமாகக் காய்ச்சலில் கிடந்தாளே... அவளுக்கு ஊட்டிவிட்டது யார்? இந்த அத்தைதானே!

அடுப்பை அவளே அணைத்தாள். குழந்தை பிழைத்தது. கடை பிழைக்கவில்லை. மருந்தை மட்டும் ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினாள்.

மூன்று மாதம் கழித்து, மறுபரிசோதனை முடிவோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

“இன்னும் போகலையா?”

ஆமாம் என்று தலையாட்டினான்.

“போகாட்டி போகுது. நான் சமைக்கிறேன். நீங்க... என்கூட வந்துடுங்களேன்.”

“பாட்டில்காரருக்குச் சமைக்கத் தெரியுமா?”

“வெந்நீர் வைப்பேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

“முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. சோப்புப் போட்டுக் கழுவின கைதானே... எனக்குப் பயமில்ல.”

டம்ளரை எடுத்தாள். தண்ணீர் மொண்டாள். அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

“எனக்குப் பயமா இருக்கே... உங்கமேல உசுரையே வச்சிருக்கேன். உங்களுக்கு எப்படிங்க இந்தக் கையால குடுப்பேன்?”