சுவரை ஒட்டி நின்ற கார்

“நான் இடிக்கலம்மா. ஆனா இடிக்கலன்னு சொல்றதுக்கு எனக்கு ஆளு இல்ல.”

வழி முழுக்க வேறு விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டு வந்த குமரேசனுக்கு, வாசலில் நின்றதும் வாயில் வந்தது இவ்வளவுதான். கலவைச் சட்டியும் கரணையும் பிடித்துக் காய்ப்பேறிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புதுவீடுகளுக்கு நடுவே தனியாகக் குடியிருந்த வெள்ளையம்மாள், போக்குவரத்துப் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டித் தகராறு என்றால் ஊரில் பாதிப் பேர் வக்கீலைத் தேடுவார்கள். மீதிப் பேர் ஏட்டம்மாவைத் தேடுவார்கள். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் முபின். சவாரி இல்லாத நேரமெல்லாம் அவன் ஏட்டம்மாவின் ஆள். யார் குற்றவாளி என்று அவருக்கு முன்பாகவே முடிவு செய்துவிடுவான்.

“உக்காருங்க மேஸ்திரி. மொதல்லேந்து சொல்லுங்க.”

சொன்னார். செவ்வாய்க்கிழமை மத்தியானம், அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலம் போய்க்கொண்டிருந்த எல்லம்மாள் என்ற செஞ்சிப் பக்கத்துப் பெண்ணை ஒரு வெள்ளைக் கார் பின்னாலிருந்து இடித்துவிட்டு, நிற்காமல் டவுன் பக்கம் போய்விட்டது. இடது ஓரப் பள்ளத்தில் விழுந்தவளுக்குக் கால் முறிந்துவிட்டது. பழைய கார் வாங்கி விற்கும் அருண்பிரசாத், தான் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக் குமரேசனின் கார் நம்பரைப் போலீசில் கொடுத்துவிட்டான். இடித்த இடத்தில் விளக்குக் கண்ணாடி சிதறிக் கிடந்தது. குமரேசனின் காரிலும் ஒரு முன்விளக்கு உடைந்திருந்தது.

“மறுநா காலையிலதான் பாத்தேன். தெருப் பசங்க பந்து அடிச்சுட்டானுங்கன்னு நெனச்சேன். யாரு கால்லயாவது குத்துமேன்னு துண்டெல்லாம் கூட்டிக் குப்பையில போட்டுட்டேன்.”

“போச்சுடா! சாட்சியை உங்க கையாலயே வாரிக் கொட்டிட்டீங்களே” என்றான் முபின்.

“எதிர்வீட்டுப் பாஞ்சாலை வேற, அன்னிக்கி சாயங்காலம் நான் கார்லேந்து எறங்கறதப் பாத்தேன்னு சொல்லியிருக்குது. அது பொய் சொல்லல. நாளைக்கு எஸ்.ஐ. வந்து வண்டியையும் எடுத்துக்கிட்டு என்னையும் கூட்டிம்போறேன்னாரு.”

“எங்க போயிட்டு வந்து எறங்குனீங்க?”

குமரேசன் தரையைப் பார்த்தார். “எங்கயும் போவல.”

“அப்புறம் இன்னாத்துக்கு கார்ல ஏறுனீங்க?”

“சோறு தின்ன.” சொல்லிவிட்டு முபினை ஒரு பார்வை பார்த்தார், சிரிக்கிறானா என்று. “வீட்டுக்காரி போய்ச் சேந்ததுலேந்து வீட்டுக்குள்ள சோறு எறங்கல. தட்டை எடுத்துக்கிட்டுப் போயி வண்டியில உக்காந்துக்குவேன். தின்னுட்டு அப்படியே கெடப்பேன். போலீசுல சொல்லல. நின்ன காருல ஒருத்தன் பொழுது போற வரைக்கும் உக்காந்திருந்தான்னா கிறுக்கன்னு சொல்வானுங்க.”

முபின் சிரிக்கவில்லை. ஏட்டம்மா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

“வண்டியைப் பாக்கணும்.”

அடி அண்ணாமலையில் குமரேசனின் வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றது. இடது பக்கம் சுற்றுச்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நடுவில் கை நுழையாது. முன்னால் இடது மூலையில் சிமென்ட் தண்ணீர்த் தொட்டி. வலது பக்கம் மட்டும் தெருவுக்குத் திறந்து கிடந்தது. உடைந்திருந்ததும் வலது விளக்கு.

“எப்பவும் இப்படித்தான் நிறுத்துவீங்களா? அந்தப் பக்கக் கதவைத் தெறக்கவே முடியாதே.”

“தெறந்து ஏற யாரு இருக்கா? அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிம்போவத்தான் இதை வாங்குனேன்.”

ஏட்டம்மா பின்னால் போனார். பின்கண்ணாடியில் வட்டமாகப் பழைய பசைத் தடம்.

“அவ ஒட்டுன ஓம்சக்தி ஸ்டிக்கர். காரியம் முடிஞ்ச கையோட சுரண்டிட்டேன். ரிவர்ஸ் எடுக்கத் திரும்பறப்பல்லாம் அதுதான் கண்ணுல பட்டுச்சு.”

“அருண்பிரசாத் இந்த வண்டியைப் பாத்திருக்கானா?”

“பாக்காம? அவ ஆஸ்பத்திரியில கெடந்தப்போ வித்துடலாம்னு நான்தான் கூப்பிட்டேன். சுத்திச் சுத்திப் போட்டோ புடிச்சான். அப்புறம் எனக்கு மனசு வரல. அதுலேந்து எங்க பாத்தாலும் கேக்கறான்.”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சு ஏட்டம்மா” என்றான் முபின். “அந்தப் பாஞ்சாலைதான். மேஸ்திரி மேல பழைய வாய்க்கா தகராறு ஏதாவது இருக்கும்.”

“நீ போயி அருண்பிரசாத் ஷெட்டுல கார் வாங்கற மாதிரி ஒரு சுத்து சுத்திட்டு வா. இதே மாதிரி வெள்ளைக் காரு நின்னா அதோட மூஞ்சியை மட்டும் பாரு. பொண்ணு பாக்கற மாதிரி நல்லாப் பாரு.”

“பொண்ணு பாக்கப் போனப்போ நான் தரையைத்தான் பாத்தேன்.”

“அதான் தெரியுதே. இப்பவாவது நிமிந்து பாரு.”

மறுநாள் எஸ்.ஐ. வந்தபோது தெருவே வாசலில் நின்றது. கூட்டத்தில் ஒருவர்கூடக் குமரேசனின் முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனை பேர் வீட்டுக்கு இவர் சுவர் எழுப்பியிருப்பார்! அந்தச் சுவர்களுக்குப் பின்னாலிருந்துதான் எட்டிப் பார்த்தார்கள். சாட்சி சொல்ல வந்த அருண்பிரசாத் மட்டும் அவர் தோளில் கை போட்டான்.

“ஒத்துக்க மேஸ்திரி. இன்சூரன்ஸ் இருக்குல்ல. கேஸ் வண்டியை வெளியில எவனும் தொடமாட்டான், நானே எடுத்துக்கறேன்.”

எஸ்.ஐ. பழகிய மனிதர். “உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா ஏட்டம்மா?” என்றார்.

“ரெண்டு வார்த்தை. ஏம்பா, அத்தினி வேகத்துல போன வண்டியை மேஸ்திரி வண்டின்னு எப்படிக் கண்டுபுடிச்ச?”

“நம்பரைப் பாத்தேன். பின்னாடி செவப்பா ஓம்சக்தி ஸ்டிக்கரும் இருந்துச்சு. எங்க நின்னாலும் தெரியுமே.”

“சரி.” ஏட்டம்மா எஸ்.ஐ.யிடம் திரும்பினார். “கிரிவலம் போறவங்க எந்தப் பக்கம் நடப்பாங்க சார்?”

“இது தெரியாதா? மலை வலது கைப்பக்கம் இருக்கும். மலையை ஒட்டி சித்தருங்க நடப்பாங்கன்னு அந்தப் பக்கத்தை விட்டுட்டு, ஜனங்க இடது ஓரமாத்தான் போவாங்க.”

“எல்லம்மாளும் இடது ஓரமாத்தான் போயிருக்கா. விழுந்ததும் இடது பள்ளத்துல. அவளுக்குப் பின்னாலேந்து, அவ போற பக்கமே வர்ற காரு எந்த மூலையால இடிக்கும்?”

எஸ்.ஐ. ஒரு கையைக் காராகவும் ஒரு விரலை எல்லம்மாளாகவும் வைத்துப் பார்த்தார். “இடது மூலை.”

“இங்க உடைஞ்சிருக்கறது வலது. வலது மூலையால அவளை இடிக்கணும்னா மொத்த வண்டியும் பள்ளத்துக்குள்ள ஓடியிருக்கணும்.”

“அப்ப இதை யாரோ வந்து உடைச்சிருக்கான்!” முபினால் அடக்க முடியவில்லை. “ஆனா பொய்க்கு உடைக்கறவன் இடதையே உடைச்சிருக்கலாமே ஏட்டம்மா?”

“நீ போயி உடைச்சுக் காட்டு.”

முபின் போனான். தொட்டி மறித்தது. சுவர்ப் பக்கம் கையை விட்டான், முழங்கைகூடப் போகவில்லை. அசடு வழியத் திரும்பி வந்தவனைக் காட்டி ஏட்டம்மா சொன்னார்:

“எட்டுனதை உடைச்சுட்டுப் போயிட்டான். எந்தப் பக்கம்னு எவன் பாக்கப் போறான்ற தைரியம். சார், இப்ப பின்கண்ணாடியைப் பாருங்க. ஸ்டிக்கர் எங்க? மேஸ்திரி சம்சாரம் செத்த மாசமே சுரண்டியாச்சு. செவ்வாய்க்கிழமை ரோட்டுல ஓடுன காருல அது இருக்க முடியாது. அருண்பிரசாத் போனுல இருக்கற பழைய போட்டோவுலதான் இருக்கும்.”

தோளில் இருந்த கை மெல்ல இறங்கியது.

“ஷெட்டுல இதே மாதிரி வெள்ளைக் காரு ஒண்ணு நிக்குது சார்” என்றான் முபின். “வலது லைட்டு மஞ்சளாப் பழுத்துக் கெடக்குது. இடது லைட்டு மட்டும் புதுசா பளபளங்குது.”

“விக்கற வண்டிக்குப் புது லைட்டு போட்டா குத்தமா?” அருண்பிரசாத் கத்தினான். “இன்னா சார் இது! இந்தாளு எங்கயும் போவலன்னா, சாயங்காலம் எங்கேந்து வந்து எறங்குனான்? அதைச் சொல்லச் சொல்லுங்க மொதல்ல!”

ஏட்டம்மாவுக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்வதை மேஸ்திரிக்கே விட்டுவிட்டார். தெரு முழுக்கக் குமரேசனைப் பார்த்தது.

“எங்கயும் போவல சார். வண்டிக்குள்ள உக்காந்து சோறு தின்னேன். தெனமும் அங்கதான். ஆளில்லாத வீட்டுல தட்டு சத்தம் பெருசாக் கேக்குது. அதான்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

“ஆமா சார்” என்று பாஞ்சாலையின் குரல் வந்தது. “எறங்கறப்போ அவரு கையில எச்சத்தட்டு இருந்துச்சு. சொம்பும் இருந்துச்சு.”

“அதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?”

“யாரு கேட்டாங்க? கார்லேந்து எறங்குனாரான்னு கேட்டீங்க, ஆமான்னேன்.”

எஸ்.ஐ. அருண்பிரசாத்தைப் பார்த்தார். “புது லைட்டு குத்தமில்ல. கழட்டுன பழசு எங்கன்னு காட்டு. ரோட்டுல பொறுக்குன துண்டோட சேத்துப் பாத்துடலாம். நட.”

அவன் நடந்தான், காட்டவும் செய்தான். விலை பேச வந்த ஒருவருக்கு வண்டியின் வேகத்தைக் காட்டப் போய் இடித்ததாக ஷெட்டிலேயே ஒத்துக்கொண்டான்.

தெரு கலைந்தது. “நீங்க செய்ய மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும்” என்று மூன்று நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். குமரேசன் தலையை மட்டும் ஆட்டினார். ஏட்டம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முபினின் ஆட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னார். ஏன் என்று அவருக்கே தெரியாது. அந்தப் பெண் இன்னும் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு உள்ளே அறுத்தது.

எல்லம்மாள் காலில் மாவுக்கட்டோடு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார்.

“போலீசு வந்தாங்க, கேட்டாங்க, போயிட்டாங்க. புள்ளை பெங்களூர்லேந்து வந்தான், பாத்தான், லீவு இல்லன்னு போயிட்டான். எல்லாரும் நின்னுக்கிட்டேதான் பேசுனாங்க.” கட்டிலுக்கு அடியில் கை காட்டினாள். “ஸ்டூல் இருக்குது, இழுத்துப் போடுங்க.”

அவர் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்ல வந்தது முடிந்தும் எழுந்திருக்கவில்லை. மருந்து கொடுக்க வந்த நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க இவங்களுக்கு இன்னா வேணும்?”

மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு எல்லம்மாள்தான் பதில் சொன்னாள்:

“என்னை இடிக்காத கார்க்காரரு.”