முப்பத்துநான்காவது ஆள்

கவிப்பிரியா கணக்குப் பரீட்சையில் தொண்ணூறுக்குக் குறைந்து வாங்கியதே இல்லை. அப்படிப்பட்டவள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, வெறும் முப்பத்துநான்கு பேரை எண்ணுவதில் தவறு செய்தாள்.

அவள் படிக்கும் பள்ளி, அதியமான்கோட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. காலை முதல் மாலை வரை லாரிச் சத்தம் ஓயாது. அன்று தீயணைப்பு நிலையத்திலிருந்து முனிராஜ் என்ற அதிகாரி வந்திருந்தார். பள்ளிக்கூடங்களில் தீ ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. மணி அடித்ததும் எல்லோரும் கட்டடத்தை விட்டு மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். அதை அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பள்ளிக்குப் பாதுகாப்புச் சான்று கிடைக்கும்.

தலைமை ஆசிரியர் ராஜப்பன் காலை வழிபாட்டிலேயே சொல்லியிருந்தார். "மணி விட்டு விட்டு அடிக்கும். அஞ்சு நிமிசத்துக்குள்ள அத்தனை பேரும் வெளிய இருக்கணும். பள்ளிக்கூடத்து மானம் உங்க கையிலதான் இருக்கு."

மூன்றாவது பாடவேளையில் மணி அடித்தது.

மாடியில் இருந்த ஏழாம் வகுப்பு வரிசையாகப் படியிறங்கியது. யாரும் பையைத் தொடவில்லை. மாதேஷ் மட்டும் டிபன் பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"எதையும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?" என்றாள் கவிப்பிரியா.

"எலுமிச்சை சோறு. உள்ளயே விட்டா கருகிடும்" என்றான் மாதேஷ்.

மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்ததும், வகுப்புத் தலைவியான கவிப்பிரியா எண்ணத் தொடங்கினாள். முதலில் தன்னையே ஒன்று என்று வைத்துக்கொண்டு, தலை தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனாள். கடைசித் தலையில் முப்பத்துமூன்று வந்தது.

'அட, என்னைச் சேர்க்க மறந்துட்டேன் போல' என்று நினைத்து, ஒன்றைக் கூட்டினாள்.

"ஏழாம் வகுப்பு, முப்பத்துநான்கு பேரும் வந்தாச்சுங்க சார்."

"நாலு நிமிசம் பத்து விநாடி" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார் முனிராஜ். எல்லோரும் கைதட்டினார்கள். ராஜப்பன் சாருக்கு வாயெல்லாம் பல். கைபேசியில் யாருக்கோ செய்தி சொல்லிக்கொண்டே தம் அறைக்கும் மைதானத்துக்குமாக நடந்தார். முனிராஜ் பதிவேட்டை விரித்துப் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் கவிப்பிரியா தற்செயலாக மாடியைப் பார்த்தாள்.

வராந்தாவில் ஜாஸ்மின் நின்றுகொண்டிருந்தாள். கையில் சுருட்டிய தேசப்படம்.

ஜாஸ்மின் கவிப்பிரியாவின் பெஞ்சில், அவள் பக்கத்தில் உட்காருபவள். ஜாஸ்மினுக்குக் காது சரியாகக் கேட்காது. காது மெஷின் போட்டால் அருகில் பேசுவது கேட்கும். மற்றபடி உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். மணி அடிப்பதற்குச் சற்று முன்புதான் நிர்மலா டீச்சர் தேசப்படம் எடுத்து வரச் சொல்லி அவளை நூலக அறைக்கு அனுப்பியிருந்தார்.

ஜாஸ்மின் காலி வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். மொத்தப் பள்ளிக்கூடமும் வெயிலில் உட்கார்ந்திருக்கிறது. அவள் மட்டும் மேலே. அவள் முகம் வெளுத்துப் போனது கீழே இருந்த கவிப்பிரியாவுக்கே தெரிந்தது.

நெருப்பு நிஜமாக இருந்திருந்தால்? அதற்கு மேல் கவிப்பிரியாவால் நினைக்க முடியவில்லை.

மாதேஷும் பார்த்துவிட்டான். "கை காட்டு. மெதுவா வந்து பின்னாடி உக்காந்துக்கட்டும். யாருக்கும் தெரியாது" என்று கிசுகிசுத்தான்.

முனிராஜின் பேனா காகிதத்தைத் தொடப்போனது. தவறாக எண்ணியது கவிப்பிரியாதான். எழுந்து சொன்னால் அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வேண்டும். சான்றும் கிடைக்காமல் போகலாம்.

ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"சார், எழுதாதீங்க. நான் தப்பா எண்ணிட்டேனுங்க. ஜாஸ்மின் இன்னும் மேல இருக்கா."

மைதானமே மாடியைப் பார்த்தது. ராஜப்பன் சார் கைபேசியைக் காதிலிருந்து எடுக்க மறந்து அப்படியே நின்றார்.

நிர்மலா டீச்சர்தான் முதலில் ஓடினார். ஜாஸ்மினைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அதிகாரியிடம் சொன்னார். "நான்தாங்க அனுப்பினேன். மணி அடிச்சதும் எனக்கே ஞாபகம் இல்ல."

ஜாஸ்மின் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மணி அடிச்சீங்களா?" என்று கேட்டாள்.



முனிராஜ் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். யாரையும் திட்டவில்லை. ஜாஸ்மின் உதட்டைப் பார்க்க வசதியாக அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"அஞ்சு நிமிசத்துல வரணும்னு சொல்றது எங்க கடிகாரம். உள்ள ஒருத்தரும் பாக்கி இல்லைன்னு ஆகணும்கிறதுதான் விதி. உனக்கு எப்படிச் சொன்னா தெரியும், பாப்பா?"

"லைட்டை அணைச்சு அணைச்சுப் போடலாங்க" என்று முந்திக்கொண்டான் மாதேஷ்.

"நெருப்புன்னா நாங்க மொதல்ல கரண்டைத்தான் நிறுத்துவோம்" என்றார் முனிராஜ்.

ஜாஸ்மின் கொஞ்சம் யோசித்தாள். "என்னைத் தனியா அனுப்பாதீங்க. கூட ஒருத்தர் வரட்டும். தோள்ல ரெண்டு தட்டு தட்டினா போதும், நானே ஓடிருவேன்."

"இனிமே தலையை எண்ண மாட்டேனுங்க" என்றாள் கவிப்பிரியா. "வருகைப் பதிவேட்டைக் கையோட எடுத்துட்டு வந்து, பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். பேருன்னா ஒண்ணைக் கூட்ட முடியாதுல்ல."

"பிள்ளைங்க பேரு மட்டும் போதாது. சமையல்கூடத்துல இருக்கிறவங்க, ஆசிரியருங்க, எல்லாருக்கும் பட்டியல் வேணும்" என்றார் முனிராஜ். எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "மறுபடியும் வருவேன். எப்போன்னு சொல்ல மாட்டேன்."

சான்று தராமலே அவர் ஜீப்பில் கிளம்பிப் போனார். அன்று மாலைவரை கவிப்பிரியா யாருடனும் சரியாகப் பேசவில்லை. ஜாஸ்மின்தான் அவள் நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: 'நீ மேலே பார்த்தாய். அது போதும்.'

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்த நேரம். யாரும் எதிர்பார்க்காமல் மணி விட்டு விட்டு அடித்தது. முனிராஜே அடித்தார்.

ஜாஸ்மின் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கவிப்பிரியா அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஈரக் கையோடு இருவரும் ஓடினார்கள். மைதானத்தில் கவிப்பிரியா பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். முப்பத்துநான்கு பெயருக்கும் முப்பத்துநான்கு கைகள் உயர்ந்தன. மாதேஷ் இந்த முறை வெறுங்கையோடு வந்திருந்தான்.

முனிராஜ் ஆசிரியர்கள் பட்டியலை ஜாஸ்மினிடம் நீட்டினார். "உன் கண்ணு கூர்மையான கண்ணு. நீ பாரு."

ஜாஸ்மின் ஒவ்வொரு முகமாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் பென்சில் நின்றது. மறுபடியும் ஒருமுறை எல்லோரையும் பார்த்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் முனிராஜ்.

ஜாஸ்மின் இல்லை என்று தலையசைத்தாள். "ஒருத்தர் உள்ள இருக்கார்."

நிர்மலா டீச்சரின் முகம் மாறியது. ஜாஸ்மின் கை நீட்டிய திசையில் எல்லோரும் திரும்பினார்கள்.

அலுவலக அறையின் சன்னலுக்குள் ராஜப்பன் சார் நாற்காலியில் சாய்ந்தபடி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "ஒத்திகை பிரமாதமா நடந்துக்கிட்டு இருக்குங்க ஐயா" என்ற அவர் குரல் மைதானம் வரை கேட்டது.

மாதேஷ் ஓடிப்போய்ச் சன்னலைத் தட்டினான். நிமிர்ந்து பார்த்த ராஜப்பன் சாருக்கு முகம் வெளிறிவிட்டது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மைதானத்துக்கு ஓடி வந்தார்.

"மணி பிள்ளைங்களுக்குத்தானேன்னு..." என்று தொடங்கியவர், ஜாஸ்மினைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். பேசாமல் போய் ஏழாம் வகுப்பு வரிசையின் கடைசியில் நின்றார்.

ஜாஸ்மின் அவர் பெயருக்கு நேரே டிக் அடித்தாள். ஒரு கணம் யோசித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக 'தாமதம்' என்றும் எழுதினாள்.