ஐந்தாம் கிராதி

ஆல்டர்விக் தேவாலயத்துக்குள் டங்கனின் மூச்சு புகையாக வந்தது. வெளியே புல்லெல்லாம் உறைபனி. உள்ளே பெஞ்சுகளின் முதுகில் ஈரம் முத்து முத்தாக நின்றது. ஆனால் நடுவழித் தரையில் வரிசையாகப் பதித்திருந்த இரும்புக் கிராதிகளின் மேல் கையை நீட்டினால் உள்ளங்கையில் சூடு தட்டியது. ஒரு காலத்தில் அவற்றின் வழியே சூடான காற்றை அனுப்பிய கரி பாய்லரைப் பெயர்த்தெடுத்து அதன் அறையைச் செங்கல் வைத்து அடைத்தபோது டங்கன் பிறந்தே இருக்கவில்லை.

சூட்டோடு வாசனையும் வந்தது. முதலில் பழைய தூசி காய்கிற வாசனை, அதற்குள் நனைந்த கம்பளி உலர்கிற வாசனை, அதற்கும் உள்ளே, குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும், மயிர் பொசுங்கும் வாசனை.

அவன் மனைவி ஹெஸ்டர் பழைய கட்டடங்களைச் சோதிப்பவள். விக்டோரியா ராணி காலத்துத் தேவாலயம் இது, பாதுகாக்கப்பட்ட கட்டடம். உத்தர நுனிகளில் சிறகு விரித்த மரத் தேவதூதர்களிலிருந்து தரையில் லில்லிப் பூ போட்ட ஓடுகள் வரை எதையும் அனுமதியில்லாமல் தொடக்கூடாது. பேராயர் அலுவலகம் மாதக்கணக்கில் யோசித்து, மணிக்கூண்டுக்கு அடியிலிருந்த ஒரு கல்மூடியைத் திறக்க மட்டும் ஒப்புக்கொண்டது. கிராதிகளைக் கழற்றக் கூடாது. சூடு எங்கிருந்து வருகிறதென்று பார்க்க வேண்டுமானால் அந்த மூடி வழியாக இறங்கி, தரைக்கடியில் ஓடும் காற்றுப்பாதையில் பீடம் வரை தவழ வேண்டும்.

"நான் போறேன்," என்றான் டங்கன்.

"உன் தோள் நடுவுல மாட்டிக்கிட்டா? உன்னை வெளியே எடுக்கத் தனியா அனுமதி வாங்கணும். ஈஸ்டர் வந்துடும். ஓரமா நில்லுடா."

"செத்துப்போன நரியா இருக்கும்."

"நரி செத்தா சூடு வருமா? நம்ம பாதிரியார் பிரசங்கத்துலயே வராத சூடு. யாரு கொண்டுவந்தாங்கன்னு பாத்துட்டு நன்றி சொல்லிட்டு வரேன்."

அவள் சாம்பல் நிறக் கையுறையை மாட்டிக்கொண்டாள். "ஒவ்வொரு கிராதிக்கு அடியில வந்ததும் விரலை வெளியே நீட்டுவேன். நீ மேலேயே கூட நடந்து வா. பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரியட்டும்."

அவள் பூட்ஸ் இருட்டுக்குள் மறைந்தது. ஓடுகளுக்கு அடியில் முழங்கால் உரசும் சத்தம் மெல்ல நகர, அதன் மேல் டங்கன் நடந்தான். முதல் கிராதியின் இரும்பு இலைகளுக்கு நடுவே இரண்டு சாம்பல் விரல்கள் எட்டிப் பார்த்து ஆடின. இரண்டாவதிலும் ஆடின. மூன்றாவதில் அவன் மண்டியிட்டு அவற்றைக் கிள்ளினான்.

"ஆ! மாடு."

"எப்படி இருக்கு?"

"கதகதப்பா. நம்ம வீட்டைவிடத் தேவலை."

மேற்கு ஜன்னலின் வண்ணக் கண்ணாடியில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. செங்கல் வளைவுகளின் சிவப்புப் பட்டைகள் கறுத்தன. நான்காவது கிராதியில் விரல்கள் வரவில்லை; அதைத் தாண்டி ஐந்தாவதில் தெரிந்தன. இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாளே என்று அவன் குனிந்தான். கையுறை இல்லை. சூடு தாங்காமல் கழற்றியிருப்பாள். தன் விரல்களை இடைவெளிக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டான். காய்ந்திருந்தன. அவையும் அவனைப் பிடித்துக்கொண்டன.

"டங்கன்? எங்கடா போயிட்ட?"

குரல் முதுகுப்பக்கம் கேட்டது. நான்காவது கிராதியிலிருந்து.

"எவ்வளவு நேரமா நீட்டிட்டு இருக்கேன். கிள்ள மாட்டியா?"

அவன் தலையைத் திருப்பினான். அங்கே இரண்டு சாம்பல் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

பிடி இறுகியது. நடுவிரல் முதலில் முறிந்தது, பிறகு மோதிரவிரல். கத்திக்கொண்டே காலை ஊன்றி இழுத்தான். தோல் இரும்பிலேயே தங்கிவிட்டது. கை வெளியே வந்தது.

அடியில் ஏதோ நகர்ந்தது. வேகமாக. நான்காவதை நோக்கி.

"ஹெஸ்டர், பின்னாடி போ! பின்னாடி!"

"என்னாச்சு? முன்னாடி யாரோ..."

அவள் முடிக்கவில்லை. தரை அதிர்ந்தது. சாம்பல் கைகள் கிராதியை உள்ளிருந்து கவ்விப் பிடித்தன. பிறகு அந்த அலறல். எல்லாக் கிராதிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

கடப்பாரை மணிக்கூண்டருகே கிடந்தது. ஓடி எடுத்து வந்து நான்காவது கிராதியின் ஓரத்தில் முனையை ஊன்றினான். முனைக்கடியில் லில்லிப் பூ. ஓடு உடையும். மூச்சு விடும் நேரம்தான் தயங்கினான். பிறகு கடப்பாரையைப் போட்டுவிட்டு, பையிலிருந்த திருப்புளியை உருவி, முறிந்த விரல்களோடு கிராதியின் முதல் திருகாணியைக் கழற்றினான். இரண்டாவது துருவேறி இறுகியிருந்தது. அதற்கும் முயன்றான்.

"உடைடா! டங்கன், உடை!"

இலைகளுக்கு நடுவிலிருந்து ரத்தம் அவன் முகத்தில் பீய்ச்சியது.

அப்போதுதான் உடைத்தான். ஓடுகள் சிதறின. இரும்பு நெம்பி எழுந்தது. அவள் கைகளை மணிக்கட்டோடு பிடித்து இழுத்தான். மறுபக்கமும் இழுத்தது. அவள் தலை வெளியே வந்தது. உள்ளே போனது. தாடை இரும்பு விளிம்பில் மோதியது. மறுபடி வந்தது. அவன் குதிகாலைப் பெஞ்சில் முட்டுக்கொடுத்து, முழு உடம்போடு சாய்ந்தான். ஈர மரம் பிளப்பதுபோல ஒரு சத்தம்.

சட்டென்று வந்துவிட்டாள். அவன் மல்லாக்க விழுந்தான். அவள் அவன் மார்பின் மேல்.

கனமே இல்லை.

அவளுடைய கோட்டுக்குக் கீழே ஒருமுறை பார்த்தான். மறுபடி பார்க்கவில்லை. உத்தரத்துத் தேவதூதர்களைப் பார்த்தான். அவன் தொடைகளின் மேல் சூடாக வழிந்து ஓடுகளின் இடுக்கெல்லாம் நிறைந்தது.

"வந்துட்டேன்ல," என்றாள்.

"வந்துட்ட."

"கால் ரொம்பச் சுடுதுடா. பூட்ஸைக் கழட்டி விடேன்."

அவன் வெறும் காற்றில் கையை அசைத்தான். "கழட்டிட்டேன்."

"பொய் சொல்லாத. இன்னும் இருக்கு."

"இரு. கழட்டறேன்."

குழிக்குள் நாடாவை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு துளையாக. நிதானமாக. கையுறையில்லாத விரல்கள் வெளியே வந்து, ஆவி பறக்கும் ஒரு பூட்ஸை உடைந்த ஓடுகளின் மேல் வைத்தன.

"அப்பாடா," என்றாள் ஹெஸ்டர், கண்களை மூடிக்கொண்டு. "இன்னொண்ணு."

இரண்டாவதும் வந்தது. முதலாவதை ஒட்டி, நுனியோடு நுனி சேர்த்து, ஜோடியாக வைக்கப்பட்டது.